குடும்பமும் விலக்கும் புனைகதையும்: ஈழத்து இலக்கிய விவாதம் ஒன்றின் மீள்நோக்கு

1

இலக்கியத்திற் பாலியல் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் எமது சூழலிற் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளன. குடும்பத்தினுள் மறைக்கப்படும் விடயங்களைக் கதாசிரியன் எழுதலாமா, எழுதலாகாதா என்பதே அவ்வினா. எழுதலாம் என்போர் கலைஞனின் சுதந்திரத்தையும் உளவியல் உண்மையையும் துணைக்கழைத்தனர். எழுதலாகாது என்போருட் சிலர் ஒழுக்கத்தையும் வேறு சிலர் சமூகப் பயன்பாட்டையும் அளவுகோலாகக் கொண்டனர். இரு சாராரும் வினாவை மட்டும் மாற்றவில்லை. யாருடைய கண்கொண்டு எழுதப்படுகிறது, யாருடைய மௌனம் உடைக்கப்படுகிறது, யாருடைய மௌனம் மேலும் இறுக்கப்படுகிறது என்பன கேட்கப்படாமலே போயின. 1960களிலும் 1970களிலும் கொழும்பை நிலைக்களனாகக் கொண்டு நடந்த ஈழத்து இலக்கிய விவாதத்தை இவ்வினாக்களின் ஒளியில் மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலக்கு என்பது இரண்டு அடுக்குகளைக் கொண்டது. ஒரு செயலைச் செய்யலாகாது என்பது முதலாவது அடுக்கு. அச்செயலைப் பற்றிப் பேசலாகாது என்பது இரண்டாவது அடுக்கு. முதலாவது மீறப்பட்டபோதும் இரண்டாவது மீறப்படாதிருக்குமாயின், குடும்பத்தின் வெளித்தோற்றம் குலையாது. எமது சமூகத்தில் இரண்டாவது விலக்கே கூடிய கண்டிப்புடன் பேணப்பட்டு வந்துள்ளது. செய்தவன் உறவினரிடையே உலவ, சொன்னவள் ஊரைவிட்டு அகல நேர்ந்த கதைகள் எமது கிராமங்கள் அறிந்தவையே. புனைகதை என்பது சொல்லும் தொழிலாதலால், அது இயல்பாகவே இந்த இரண்டாவது விலக்குடன் மோதுகிறது. அம்மோதல் தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அது எத்திசையில் நிகழ்கிறது என்பதே கவனத்திற்குரியது.

2

குடும்ப விலக்குகளை மனித இயல்பின் நிலையான அம்சங்களாகக் கருதும் போக்கு இன்றும் வலுவாகவே உள்ளது. ஆயின் தமிழ்மொழியே இக்கருத்தை மறுதலிக்கிறது. 'முறை' என்னும் சொல் உறவையும் குறிக்கும், உரிமையையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும். மணத்தற்குரியவள் முறைப்பெண். மணத்தற்காகாதோரிடை உறவு முறைகேடு. மாமன் மகளும் அத்தை மகளும் மச்சாள் ஆகின்றனர். பெரியப்பன், சித்தப்பன் மக்களும், பெரியம்மா, சின்னம்மா மக்களும் உடன்பிறப்புகள் ஆகின்றனர். உயிரியல் தூரத்தைக் கொண்டு நோக்கின் இவ்விரு வகையினருக்குமிடையே வேறுபாடு இல்லை. வேறுபாட்டை உண்டாக்கியது சமூகமே.

நாட்டுக்கு நாடும் இது வேறுபடும். தாய்மாமனை மணத்தல் தமிழகத்துச் சாதிகள் பலவற்றில் நெடுங்கால வழக்கம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விலக்கப்பட்ட உறவுகளுள் இதனைச் சேர்த்தபோதும், வழக்காறு அனுமதிக்குமிடத்து விதிவிலக்கும் அளித்தது. இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டமோ உடன்பிறந்தாளின் மகளை மணத்தலை அறவே செல்லாததாக்கியது. பாக்குநீரிணையின் ஒரு கரையில் உரிமையாகக் கருதப்பட்டது மறு கரையிற் சட்டப்படி விலக்கப்பட்டதாயிற்று.

மோகனின் 'பண்டைச் சமுதாயம்' (1877) என்னும் நூலை ஆதாரமாகக் கொண்டு எங்கெல்ஸ் 1884இல் எழுதிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' இவ்விடயத்தில் எமக்கு அடிப்படை நூலாகும். மோகன் வகுத்த படிநிலைகள் பலவற்றைப் பிற்கால மானிடவியல் ஏற்கவில்லை. எனினும் குடும்பம் வரலாற்றுக்குட்பட்ட நிறுவனம், சொத்துரிமையோடு பிணைந்தது என்னும் மையக்கருத்து வலுவிழக்கவில்லை. யாழ்ப்பாணக் குடும்பத்தை நோக்கின் இது தெளிவாகும். 1707இல் ஒல்லாந்தராற் தொகுக்கப்பட்ட தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் சொத்தாக ஏற்றது. ஆயின் மணமான பெண் தன் அசையாச் சொத்தைப் பராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்னும் நிலையும் அச்சட்டத்தொகுதிக்குள் நிலைபெற்றது. பெண் காணியையும் சுமந்தாள், குடும்ப மானத்தையும் சுமந்தாள்; இரண்டையும் கையாளும் அதிகாரமோ பிறரிடம் இருந்தது. அவளுடைய உடல் பற்றிய எந்தப் பேச்சும் சீதனப் பேச்சையும், சாதிக்குள் நிகழவேண்டிய சம்பந்தத்தையும் பாதிக்கக்கூடியதாயிற்று. இரண்டாவது விலக்கு இத்துணைக் கண்டிப்பாகப் பேணப்பட்டமைக்கு இப்பொருளியல் அடித்தளமே பிரதான காரணம் எனலாம்.

3

இத்தகைய குடும்பத்தின் உட்புறத்தை எழுத முனைந்த நவீன எழுத்தாளர்க்குக் கைகொடுத்த கோட்பாடு உளவியலாகும். குறிப்பாகப் புரொய்டின் உளப்பகுப்பாய்வு. இக்கோட்பாட்டின் பிறப்பிலேயே நாம் நோக்கவேண்டிய திருப்பம் ஒன்று உள்ளது. 1896இல் வியன்னாவின் மருத்துவர் சபையொன்றில் உரையாற்றிய புரொய்ட், தம்மிடம் வந்த நோயாளரின் மனநோய்க்கு அவர்கள் குழந்தைப் பருவத்தில் உண்மையாகவே அனுபவித்த பாலியல் வன்முறையே மூலம் எனக் கூறினார். அடுத்த ஆண்டே அவர் அக்கருத்திலிருந்து விலகத் தொடங்கினார். நோயாளர் கூறியவற்றுள் நிகழ்ந்தது எது, விழைவின் கற்பனை எது எனப் பிரித்தறிய இயலாது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அதன்பின் கோட்பாட்டின் மையம் குழந்தைக்கு இழைக்கப்பட்டதிலிருந்து குழந்தை விழைந்ததற்கு நகர்ந்தது. ஈடிப்பஸ் சிக்கல் என்னும் கருத்து அவ்வாறு உருவாயிற்று. ஜூடித் ஹேர்மன் 1981இல் தந்தை - மகள் தகாப்புணர்ச்சி பற்றி வெளியிட்ட ஆய்வும், ஜெப்ரி மாசன் 1984இல் எழுதிய நூலும் இத்திருப்பத்தைக் கடும் விமரிசனத்துக்கு உட்படுத்தின. மாசன் புரொய்டின் நோக்கங்கள் குறித்துக் கூறியவை அனைத்தையும் ஏற்கவேண்டியதில்லை. ஆயின் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் விழைபவரின் கனவாக மாற்றி வாசிக்கப்பட்டது என்னும் விமரிசனம் இலக்கியத்துக்கும் பொருந்தும்.

புரொய்டின் சிக்கல் உலகப் பொதுவானதா என்பதும் கேள்விக்குரியதே. தாய்வழிச் சமூகமான துரோபிரியாந்தியத் தீவினரை ஆராய்ந்த மலினோவ்ஸ்கி, அங்கு தந்தையை விடத் தாய்மாமனே அதிகாரத்தின் உருவம் என்றும், சகோதரியை நோக்கிய விழைவே கடுமையாக விலக்கப்பட்டது என்றும் 1927இல் எடுத்துக்காட்டினார். தாய்வழிக் குடிமரபு வழங்கும் மட்டக்களப்பையும் யாழ்ப்பாணத்தையும் அருகருகே கொண்ட எமது நாட்டில், ஒரே உளச்சிக்கலை எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் பொருத்துவது எத்துணைப் பொருந்தாதது என்பதை இது உணர்த்தும்.

ஏ. கே. இராமானுஜனின் 'இந்திய ஈடிப்பஸ்' பற்றிய கட்டுரை மற்றுமோர் உண்மையைப் புலப்படுத்துகிறது. அவர் கன்னடப் பிரதேசத்திற் சேகரித்த வாய்மொழிக் கதையொன்றில், தன் மகனையே மணப்பாள் என்னும் விதியோடு பிறந்த பெண் அதனைத் தவிர்க்க முயன்று தோற்கிறாள். கிரேக்க நாடகத்தில் ஈடிப்பஸ் பெறும் மைய இடத்தை இக்கதையில் தாய் பெறுகிறாள். அறிதலின் வேதனையும் அவளுடையதே. பெண்கள் அடுப்படியிலும் தாலாட்டிலும் சொல்லி வந்த கதைமரபு இத்தகைய பொருளையும் கையாண்டது. கையாண்டபோது சுமையைச் சுமப்பவளின் இடத்தில் நின்று கையாண்டது. அச்சும் கல்வியும் ஆண்களிடம் முதலிற் சென்ற காலனித்துவச் சூழலில் உருவான தமிழ் நாவல், இப்பார்வைக் கோணத்தைப் பெரிதும் இழந்தது. நாவல் விலக்கினை உடைத்தது என்று கூறுவோர், நாவலுக்கு முன்னரே அதனைப் பெண்கள் பேசியிருந்தனர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

4

இலங்கையில் இவ்விவாதம் இரு மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தமை மனங்கொள்ளத்தக்கது. குணதாச அமரசேகரவின் 'யளி உபன்னெமி' 1960இல் வெளிவந்து சிங்கள வாசகரிடையே பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது. தாயின் பிம்பத்தினால் ஆட்கொள்ளப்பட்ட ஒருவனின் பாலியற் பிளவே அதன் பொருள். மார்ட்டின் விக்கிரமசிங்க பேராதனைப் பள்ளியினரின் நாவல்கள் ஜப்பானியக் காமக் கதைகளின் நிழலில் வளர்ந்தவை என்று 1969இல் தனி நூலே எழுதினார். அமரசேகரவும் பின்னாளில் தம் அப்படைப்பை நிராகரித்தார்.

தமிழில் அச்சர்ச்சைக்கு இணையானது எஸ். பொன்னுத்துரையின் 'தீ' (1961) எழுப்பிய சர்ச்சையாகும். ஆண் ஒருவனின் பாலியல் அனுபவங்களைப் பிள்ளைப் பருவம் முதற்கொண்டு தன்கூற்றாகச் சொல்லும் அந்நாவல் ஆபாசம் என்று கண்டிக்கப்பட்டது. 1954இல் தோற்றம் பெற்ற இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் ஒரு காலத்திற் பங்குகொண்டிருந்த பொன்னுத்துரை, 1960களின் முற்பகுதியில் அதனோடு முரண்பட்டு 'நற்போக்கு' என்னும் கோஷத்தை முன்வைத்தார். அதன்பின் அவருடைய படைப்புகள் பற்றிய மதிப்பீடு அணிசார்ந்த சண்டையின் பகுதியாயிற்று. ஓர் அணி அவரது பாலியல் எழுத்தை நசிவிலக்கியம் என ஒதுக்கியது. மற்றைய அணி அதனையே துணிவின் அடையாளமாகப் போற்றியது.

'தீ' உண்மையில் எதைச் செய்தது? பேசப்படாததைப் பேசியது என்ற வகையில் இரண்டாவது விலக்கை அது உடைத்தது. பாலுணர்வை வர்ணனைச் சொற்களால் மூடிமறைத்த தொடர்கதை மரபுக்கு எதிராக, அதன் வறுமையையும் குற்றவுணர்வையும் வெளிப்படுத்தியது. ஆயின் கதையின் கண்களும் நாவும் ஆணுடையவை. அவன் வாழ்விற் புகுந்து அகலும் பெண்கள் அவனுடைய அனுபவத்தின் கட்டங்களாகவே எமக்குத் தெரியவருகின்றனர். அவர்கள் அறிந்தது என்ன, அஞ்சியது என்ன, இழந்தது என்ன என்பன ஒப்புதல் வாக்குமூலத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஒப்புதல் வாக்குமூலம் என்னும் வடிவமே பேசுபவனைத் தன் குற்றத்தின் நீதிபதியாகவும் ஆக்கிவிடுகிறது. நாவலின் மெய்யான வரம்பு இதுவே. ஆபாசம் என்ற கண்டனம் இவ்வரம்பைத் தொடவேயில்லை.

அவரது 'சடங்கு' வேறுவகையானது. பத்திரிகைத் தொடராக வெளிவந்து 1971இல் எம். ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடாகக் கொழும்பில் நூலுருப் பெற்ற இந்நாவல், கொழும்பில் எழுதுவினைஞராகத் தொழில்புரியும் செந்தில்நாதன் மனைவியை நாடி யாழ்ப்பாணம் சென்று, சில நாட்களில் வந்தவாறே திரும்புவதைச் சித்திரிக்கிறது. பிள்ளைகள், மாமியார், வீட்டுக் கடமைகள், ஊர்க் காரியங்கள் ஆகியன கணவனும் மனைவியும் தனித்திருக்கும் பொழுதை விழுங்கிவிடுகின்றன. இங்கு விலக்கப்பட்ட உறவு எதுவுமில்லை; முறையான தாம்பத்தியமே பேசக்கூடாததாக, ஏறக்குறைய இயலாததாக ஆகிவிடுகிறது. உத்தியோகம் கொழும்பிலும் குடும்பம் யாழ்ப்பாணத்திலுமாகப் பிளவுண்ட மத்தியதர வர்க்க வாழ்வின் பொருளியலை இதனினும் துல்லியமாகக் காட்டிய ஈழத்து நாவல்கள் அரிது. ஆணின் ஏக்கமே இங்கும் முன்னிற்கிறது என்பது உண்மை. எனினும் அவ்வேக்கத்தைத் தோற்றுவிக்கும் சமூக அமைப்பு நாவலில் இயங்குகிறது. சமூக யதார்த்தத்தை வற்புறுத்திய திறனாய்வு இதனைத் தனதாக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

முற்போக்குத் திறனாய்வுக்கு அதற்கான கருவிகள் இல்லாமலில்லை. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் நாவலின் சமூக அடிப்படையை ஆராய்ந்தார். 'அடியும் முடியும்' (1970) நூலில் அகலிகை கதை காலந்தோறும் பெற்ற மாற்றங்களைக் கற்பென்னும் கருத்தியலின் வரலாற்றோடு இணைத்துக் காட்டினார். பழங்கதையின் கற்புநெறியை வரலாற்றுக்கு உட்படுத்திய அதே முறை, சமகாலத்து வீட்டின் படுக்கையறை பற்றிய நாவலுக்குப் பிரயோகிக்கப்பட்டிருப்பின் விளைவு வேறாயிருந்திருக்கும். சாதியும் வர்க்கமும் போராட்டத்தின் களங்களாக ஏற்கப்பட்டன. குடும்பம் அவ்வாறு ஏற்கப்படவில்லை. அதனால் குடும்பத்தின் உட்புறம் தனிமனித உளவியலை வழிபட்டோரிடம் விடப்பட்டது. கிறிஸ்தோபர் கோட்வெல் புரொய்டை ஆராய்ந்தபோது (1938), உளப்பகுப்பாய்வு கண்டவற்றை மறுக்காது, அவற்றின் சமூக வேர்களை அது காணத்தவறியதையே சுட்டினார். அத்தகைய அணுகுமுறை எம்மிடையே வளரவில்லை.

5

தமிழகத்துப் படைப்புகள் மூன்றை ஒப்புநோக்குவது பிரச்சினையை மேலும் தெளிவாக்கும். அவை ஈழத்து வாசகர்களாலும் ஆர்வத்துடன் படிக்கப்பட்டவை.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவலில் அலங்காரத்தம்மாள் கணவனுக்குப் புறம்பான உறவு கொண்டவள். தன் பாவத்துக்குக் கழுவாயாக மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்புகிறாள். தாயைப் பற்றிய இத்தகைய சித்திரிப்பு அக்காலத்திற் பேரதிர்ச்சியை உண்டாக்கியது. ஆயின் தாய் பெரும்பாலும் மகனின் கண்கள் வழியாகவே வாசகனை அடைகிறாள். அவளை இழிவுபடுத்தாமை ஆசிரியரின் பெருந்தன்மை; அவள் உள்ளத்தைப் புதிராகவே விட்டமை அப்பார்வைக் கோணத்தின் விலை. ஜெயகாந்தனின் 'ரிஷிமூலம்' தாயின் இடத்தில் வைத்து மதிக்கவேண்டிய பெண்ணை நோக்கி எழும் விழைவையும், அதன் குற்றவுணர்வையும் ஆராய்கிறது. குற்றவுணர்வு அங்கு ஆணைத் துறவு வரை உயர்த்துகிறது. பெண் அவனது ஆன்மிகப் பயணத்தின் ஒரு படியாகிறாள்.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) இவ்விரண்டிலிருந்தும் வேறுபடுகிறது. அந்நாவலைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கங்காவுக்கு மழைநாளில் நேர்ந்ததைப் பற்றியதாகவே இருந்தது. எமது நோக்கில் அதைவிட முக்கியமானவர் வெங்கு மாமா. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட கங்காவுக்கு அடைக்கலமும் படிப்பும் அளித்தவர் அவர். அவளைத் தன் உடைமையாகக் கருதி நெருங்க முயல்பவரும் அவரே. சாஸ்திரம் பேசும் வாயும் சலுகை கொடுக்கும் கையும் ஒருவருடையவை. தாய்மாமன் பாதுகாவலனாகவும் மணவுரிமையாளனாகவும் கருதப்படக்கூடிய சமூகத்தில் 'மாமா' என்னும் சொல்லின் இரட்டைத்தன்மையை ஜெயகாந்தன் துல்லியமாகப் பிடித்தார். இங்கு விலக்கின் மீறல் உள்மன இரகசியமாக விளக்கப்படவில்லை. சோறும் கூரையும் கொடுப்பவனின் அதிகாரமாக விளக்கப்படுகிறது. கங்கா அதனை அறிகிறாள், எதிர்க்கிறாள், அவ்வறிவு அவளுடைய குரலிலேயே எமக்குக் கிடைக்கிறது. உளவியலும் சமூகவியலும் ஒன்றையொன்று விளக்கும் இடம் இது.

6

வெங்கு மாமாவின் வீட்டைப் போன்ற வீடுகள் கொழும்பில் இல்லாமலில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் குடியிருப்பு பெருகிய முறையே அத்தகைய வீடுகளை உருவாக்கியது. உத்தியோகத்துக்கும் படிப்புக்குமாக வந்தோர் உறவினர் வீடுகளில் தங்கினர். 1983 இன வன்செயலின் பின்னரும், போர்க்காலத்து இடப்பெயர்வுகளின்போதும், வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த காலங்களிலும் ஒரு வீட்டின் அறைகளைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. அடைக்கலம் கொடுத்த உறவினரின் பெருமனத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அடைக்கலம் என்பது அதிகார உறவுமாகும். பெற்றோர் ஊரிலிருக்க, செலவுக்குப் பிறர் கையை எதிர்பார்த்துத் தங்கிய பிள்ளை, தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் படிப்பையும் இருப்பிடத்தையும் இழக்க நேரிடும்.

இதனினும் ஆழமான மௌனம் ஒன்றும் உண்டு. மத்தியதர வர்க்க வீடுகளுக்கு மலையகத்திலிருந்து வேலைக்கு அழைத்துவரப்பட்ட சிறுமியர் 'வீட்டுப்பிள்ளை மாதிரி' என்றே அறிமுகப்படுத்தப்பட்டனர். அவர்கள் வீட்டாரை ஐயா, அம்மா, அண்ணா என உறவுச்சொற்களாலேயே விளித்தனர். உறவுச்சொல் அவர்களிடமிருந்து கீழ்ப்படிவைப் பெற்றுத் தந்தது. உறவுக்குரிய விலக்கின் பாதுகாப்பை அவர்களுக்குத் தரவில்லை. வீட்டுக்குள் இருந்தும் குடும்பத்துக்குள் இல்லாத இச்சிறுமியின் நிலை, விலக்கின் வர்க்கத்தன்மையை வெளிப்படையாகக் காட்டுகிறது. இலங்கையில் ஒருவரை வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது 2021இலேயே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

கொழும்பில் அச்சாகி, கொழும்பில் விவாதிக்கப்பட்ட நாவல்களின் பெயர்பெற்ற வரிசையிலே, இவ்வீடுகள் மையம் பெற்றது அரிது. குடும்ப விலக்குப் பற்றிய துணிச்சல் கிராமத்தையும் பிள்ளைப் பருவத்தையும் நோக்கிச் சென்றதேயன்றி, எழுத்தாளரும் திறனாய்வாளரும் அன்றாடம் தேநீர் அருந்திய விறாந்தைகளை நோக்கித் திரும்பவில்லை. சட்டங்கூட இவ்விடயத்திற் தாமதமாகவே வந்தது. தகாப்புணர்ச்சியைத் தனிக் குற்றமாக வரையறுத்த தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் 1995ஆம் ஆண்டுக்குரியது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ஆம் ஆண்டுக்குரியது. இவை நாவலாசிரியர்களின் துணிவால் வந்தவையல்ல. பெண்கள் அமைப்புகளின் நீண்டகால இயக்கத்தின் பங்களிப்பே இவற்றிற் பெரிது. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட கவிதைத் தொகுதிக்குச் 'சொல்லாத சேதிகள்' எனப் பெயரிட்டமை தற்செயலானதன்று. இரண்டாவது விலக்கினைச் சுமந்தோரே அதனை உடைக்கத் தொடங்கிய வரலாற்றுக் கட்டத்தின் குறியீடாக அத்தலைப்பைக் கொள்ளலாம். தமிழகத்திற் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) முஸ்லிம் குடும்பத்தின் உட்புறத்தைப் பெண்களின் பேச்சாகவே கட்டமைத்தபோது, இவ்வரலாறு நாவல் வடிவத்திலும் முன்னேறியது.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வகுக்கலாம்.

முதலாவதாக, அறம் பற்றிய வினா தணிக்கை பற்றிய வினாவன்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலுக்கு எதிராக 2014ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த கிளர்ச்சியும், அவர் எழுத்தைத் துறப்பதாக 2015இல் அறிவிக்க நேர்ந்ததும், 2016இற் சென்னை உயர்நீதிமன்றம் நாவலைத் தடைசெய்ய மறுத்ததும் அண்மைக்கால வரலாறு. பெண்களின் மானத்தின் பெயரால் வீதிக்கு வந்தவை சாதி, மத அமைப்புகளே. மானத்தைக் காப்பதாகக் கூறும் தணிக்கை எப்போதும் இரண்டாவது விலக்கின் காவலனாகவே இயங்கும். முற்போக்காளர் அதற்குத் துணைபோதல் ஆகாது.

இரண்டாவதாக, விழைவையும் அதிகாரத்தையும் பிரித்தறிதல் எழுத்தாளனின் கடமை. சமநிலையில் நிற்கும் இருவர் சமூகத் தடையை மீறுவதும், கூரை கொடுத்தவன் கூரையின்கீழ் இருப்பவளை அணுகுவதும் ஒன்றல்ல. இரண்டையும் 'முறைகேடு' என்ற ஒரே சொல்லாற் சுட்டும் ஒழுக்கவாதியும், இரண்டையும் 'மனித மனத்தின் இருள்' என்ற ஒரே சொல்லால் மன்னிக்கும் உளவியல்வாதியும் ஒரே தவறையே செய்கின்றனர்.

மூன்றாவதாக, பார்வைக் கோணம் அறத்தின் பிரச்சினையுமாகும். மீறியவனின் மனத்துக்குள் புகுந்து எழுதுவது தவறன்று. அவனை அரக்கனாக்கி ஒதுக்கும் கதை குடும்பம் என்னும் அமைப்பைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடும். ஆயின் அவன் மனத்தின் சிக்கலே கதையின் முழு உலகமாகும்போது, பாதிக்கப்பட்டவர் இரண்டாம் முறையும் மௌனமாக்கப்படுகிறார். அவர் அறிந்தது என்ன என்பது பிரதியில் எங்கேனும் இடம்பெறுகிறதா என்று கேட்பது திறனாய்வின் உரிமை.

நான்காவதாக, எழுதப்படுவோரின் பாதுகாப்பு. எமது வாசகர் உலகம் சிறியது. ஒழுங்கையையும் ஊரையும் உத்தியோகத்தையும் குறிப்பிட்டாற் குடும்பத்தை இனங்காண்போர் பலர். தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்று அகத்திணை மரபு வகுத்த விதியை நாம் வெறும் இலக்கண விதியாகவே கற்கிறோம். அந்தரங்கத்தைப் பாடுபொருளாக்கும்போது பாடப்படுபவர் ஊரார் வாயில் விழாதிருக்க வேண்டும் என்னும் அறமும் அதனுள் அடங்கியிருப்பதாகக் கொள்ள இடமுண்டு. சொல்லப்படுவோரின் சம்மதமின்றி அவர்களை அடையாளங்காட்டுவது மௌனத்தை உடைப்பதாகாது. மற்றுமொரு முறை அவர்களைப் பயன்படுத்துவதேயாகும்.

குடும்பத்தைத் தனிமனித விவகாரமென ஒதுக்கிய முற்போக்குத் திறனாய்வு, எமது சமூகத்தின் மிகப் பழைய அதிகார நிறுவனத்தை ஆராயாது விட்டது. அதனைத் தனிமனித விவகாரமென்றே கொண்டாடிய எதிரணியும் அதேயளவில் அதனைக் காப்பாற்றியது. 1979இல் வெளிவந்த 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' போன்ற நூல்கள் எமது இலக்கிய வரலாற்றுக்கு உறுதியான அடித்தளமிட்டன. அவ்வரலாற்றில் இதுவரை எழுதப்படாத அதிகாரம் வீட்டின் அதிகாரம். 'தீ', 'சடங்கு' ஆகியவற்றைப் பழைய அணிகளின் வெற்றி தோல்விகளிலிருந்து விடுவித்து, அடைக்கலம் தேடி வந்த மருமகளின் இடத்திலிருந்தும் அடுப்படியில் உறங்கிய சிறுமியின் இடத்திலிருந்தும் மீள வாசிப்பது அப்பணியின் தொடக்கமாகலாம். அவ்வாசிப்பிற் சில புகழ்கள் குறையும். சில நிராகரிப்புகள் நீங்கும். எமது சமூகத்தை மாற்றுவதற்காகவே அதனை அறிய முயல்வோர் அவ்விலையைக் கொடுக்கத் தயங்கவேண்டியதில்லை.